78 சூறாவளியும் யாரும் போகாத கடலும்

பதிவு கொஞ்சம் நீளம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

நவம்பர் மாதம் வந்து, வாடை திரும்பி, மழை விடாமல் பிடித்தால் எமது நாவற்குடாப் பக்கத்தில் பெரியவர்களின் பேச்சு தானாகவே எழுபத்தெட்டுக்குப் போய்விடும். நாம் பிறப்பதற்குப் பல வருடங்களுக்கு முந்திய சூறாவளி அது. ஆனாலும் அதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை மட்டக்களப்பில் இல்லை. "சூறாவளிக்கு முந்தின வருஷம் பிறந்தவன்", "சூறாவளியில கூரை போன வீடு" என்று வயதுக்கும் வீட்டுக்கும் கூட அதுவே அடையாளம். 1978 நவம்பர் 23 அன்று கரையேறிய அந்தக் காற்று தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்தது. மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதியைச் சாய்த்துப் போட்டது. அடுத்த நாள் மன்னார் வளைகுடாவைத் தாண்டி இராமநாதபுரத்துக் கீழக்கரைப் பக்கம் ஏறியது.

போன மழைக்காலத்தில் பத்தாந்தரப் பிள்ளை ஒருவர் இடைவேளையில் போனைக் கொண்டுவந்து காட்டினார். திரையில் வங்காள விரிகுடா. 1978 நவம்பர் 23 என்று திகதி. கடல் முழுக்கக் காற்றின் அம்புக்குறிகள் சுழன்றுகொண்டிருந்தன.

"சேர், இது எழுபத்தெட்டுச் சூறாவளி. முழுக் கடலுக்கும் காத்து எங்கால வீசின எண்டு இரிக்கி. அந்த நேரம் இத யாரு சேர் அளந்த?"

யாரும் அளக்கவில்லை என்றோம்.

"அப்ப இது பொய்யா சேர்?"

பொய்யும் இல்லை என்றோம். அவர் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அளக்கவும் இல்லை, பொய்யும் இல்லை என்றால் அது என்ன? மணி அடித்துவிட்டது. பதிலை வகுப்பில் இரண்டு பாடவேளை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறோம். கதை எமது கடலில் தொடங்கி வட துருவத்துக்கும் தென் துருவத்துக்கும் போகும். ஆளே போக முடியாத கடலில் நேற்று என்ன நடந்தது, நாற்பது வருடங்களுக்கு முன் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கும் வித்தை கடுமையாகச் சோதிக்கப்பட்ட இடம் அதுதான்.

முதலில் வங்காள விரிகுடா. சூறாவளிக்கு ஆங்கிலேயர் சொல்லும் 'சைக்கிளோன்' என்ற சொல் இலண்டனில் பிறந்ததல்ல, கல்கத்தாவில் பிறந்தது. கப்பல் தலைவராக இருந்து அந்த நகரத்தில் குடியேறிய ஹென்றி பிடிங்டன் என்பவர், 1839 முதல் இந்தக் கடலில் புயலில் மாட்டிய கப்பல்களின் நாட்குறிப்புகளைத் தேடித்தேடிச் சேர்த்தார். எந்த நேரம், எந்த இடம், காற்று எந்தத் திசையால், அமுக்கமானி எவ்வளவு இறங்கியது என்று ஒவ்வொரு கப்பலிலும் எழுதி வைத்திருந்தார்கள். அவற்றை ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்தபோது, காற்று நேராக ஓடவில்லை, சுருண்டு படுத்த பாம்பைப்போல் வட்டமாகச் சுற்றுகிறது என்பது தெளிவாகியது. பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயரை வைத்தார். 1848-இல் மாலுமிகளுக்காக ஒரு புத்தகம் போட்டார். அதனோடு, கண்ணாடிபோல் மறுபக்கம் தெரியும் மெல்லிய கொம்புத் தகடுகளையும் கொடுத்தார். தகட்டில் புயலின் காற்று வட்டம் கீறியிருக்கும். கப்பல் தலைவர் தன் வரைபடத்தின் மேல் அந்தத் தகட்டை வைத்து, தன் கப்பலில் வீசும் காற்றுக்குப் பொருந்தும்வரை நகர்த்த வேண்டும். பொருந்தியதும் புயலின் நடு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் தப்பி ஓட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அந்தக் கொம்புத் தகட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காற்றுத் திசை கப்பலில் கண்டது. தகடு, புயல் எப்படிச் சுற்றும் என்ற அறிவு. கண்டது ஐந்து கப்பல்களில் மட்டும்தான். மிச்சக் கடலை நிரப்பியது தகடு. பிள்ளையின் போனில் சுழன்ற அம்புக்குறிகளும் இதே வேலைதான். தகடு இருந்த இடத்தில் இன்று கணினி மாதிரியுரு இருக்கிறது.

இனி வடக்கே போவோம். வங்காள விரிகுடாவில் கப்பலாவது போய்வந்தது. ஆர்க்டிக் கடலின் நடுவே அந்தக் காலத்தில் கப்பல் போகவே முடியாது. உறைந்த கடல். 1879-இல் 'ஜெனெற்' என்ற அமெரிக்கக் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனிக்கட்டியில் இறுகி, இரண்டு வருடம் அதோடு இழுபட்டு, 1881 யூனில் நொருங்கித் தாழ்ந்தது. மூன்று வருடம் கழித்து, பூமியின் மறுபக்கத்தில், கிறீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கிய பனிக்கட்டியில் அந்தக் கப்பலின் சாமான்கள் கிடந்தன. அவற்றில் மாலுமி ஒருவரின் பெயர் எழுதிய எண்ணெய்த்துணிக் காற்சட்டையும் ஒன்று. எமது கரையில் சுனாமிக்குப் பிறகு எங்கெங்கோ ஒதுங்கிய சாமான்களைக் கண்டவர்களுக்கு இந்தச் செய்தியின் கனம் விளங்கும். நோர்வேப் பேராசிரியர் ஹென்றிக் மோன் இதைப் படித்துவிட்டு, பனி தானாகவே துருவத்தைக் கடந்து நகர்கிறது என்று எழுதினார். பிரித்யோப் நான்சன் என்ற இளைஞர் அதை நம்பி, பனி நெருக்கினால் நொருங்காமல் மேலே வழுக்கி எழும்பும்படி உருண்ட வயிற்றோடு 'ஃபிராம்' என்ற கப்பலைக் கட்டுவித்தார். 1893-இல் வேண்டுமென்றே பனிக்குள் கொண்டுபோய் இறுகவிட்டார். கப்பல் 1896-இல் மறுபக்கத்தால் வெளியே வந்தது.

அந்த மூன்று வருடமும் கப்பலில் இருந்தவர்கள் பனியில் துளை போட்டு ஆழம் பார்த்தார்கள், வெப்பநிலை எடுத்தார்கள், உவர்த்தன்மை அளந்தார்கள். ஆழமில்லாத கடல் என்று உலகம் நினைத்திருந்தது. 3,000 மீற்றருக்கு மேல் கயிறு இறங்கியது. இன்னொன்றையும் நான்சன் கவனித்தார். பனி, காற்று அடிக்கும் திசையில் நேராகப் போகவில்லை. எப்போதும் கொஞ்சம் வலப்பக்கம் விலகிப் போனது. திரும்பி வந்து பேராசிரியர் வில்ஹெம் பியெர்க்னஸிடம் இதைச் சொல்ல, அவர் தன் மாணவர் எக்மனிடம் கணக்காகக் கொடுத்தார். பூமி சுழல்வதால் வரும் விலகல் அது என்று எக்மன் நிறுவினார். இன்று உலகத்தில் கடலுக்கென்று எழுதப்படும் எந்தக் கணினி மாதிரியுருவுக்குள்ளும் அந்தக் கணக்கு இருக்கிறது. கப்பல் மேல்தட்டில் நின்று ஒருவர் கண்டது முதலில் சமன்பாடாகி, பிறகு கணினிக்குள் போயிருக்கிறது. மாதிரியுரு என்றால் வெறும் ஊகம் என்று நினைப்பவர்கள் எம்மில் பலர். அதற்குள் இருப்பதும் முந்தியவர்கள் கண்டதன் சாரம்தான்.

அதே பியெர்க்னஸ் 1904-இல் இன்னொரு பெரிய பேச்சைப் பேசினார். இன்றைய வளிமண்டல நிலை சரியாகத் தெரிந்தால், பௌதிக விதிகளைக் கொண்டு நாளைய வானிலையைக் கணக்கிடலாம் என்றார். அதைக் கையாலேயே செய்து பார்த்தவர் லூயிஸ் ரிச்சட்சன் என்ற ஆங்கிலேயர். முதலாம் உலக யுத்தத்தில் பிரான்சில் அம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, ஓய்வு நேரத்தில் 1910 மே 20-ஆம் திகதிக்கான கணக்கைப் போட்டார். ஆறு மணித்தியாலத்தில் அமுக்கம் 145 ஹெக்டோபஸ்கல் மாறும் என்று விடை வந்தது! எழுபத்தெட்டுச் சூறாவளிகூட அப்படிச் செய்யவில்லை. உண்மையில் அன்று அமுக்கம் அசையவே இல்லை. ரிச்சட்சன் விடையை மறைக்காமல் 1922-இல் புத்தகமாகவே போட்டார். எமக்கு அவரில் பிடித்த விடயம் அதுதான். பிள்ளைகள் பிழையான விடையை அழித்துவிட்டுக் கொப்பியைக் கொண்டுவரும்போது நாம் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

பிழை எங்கே? அவருடைய விதிகளில் இல்லை. அவதானிப்புகளை அவை வந்த மாதிரியே கணக்குக்குள் போட்டார். ஒவ்வொரு அளவீட்டிலும் ஒரு சின்னப் பிசகு இருக்கும், ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அந்த முரண்பாட்டைக் கணக்கு பெருக்கிப் பெருக்கி ஊதிவிட்டது. அவதானிப்பையும் கணக்கையும் முதலில் இணங்கவைக்க வேண்டும். இதைத்தான் தரவு உள்வாங்கல் என்கிறார்கள்.

எப்படி இணங்கவைப்பது? வகுப்பில் சொன்ன உதாரணத்தையே சொல்கிறோம். முகத்துவாரத்தில் ஓர் இடத்தில் தண்ணீர் எத்தனை அடி? போன கிழமை இருந்த ஆழம், பெய்த மழை, வற்றுப்பெருக்கு எல்லாவற்றையும் வைத்து ஒருவர் 4 அடி என்கிறார். ஆனால் இரண்டு அடி கூடக்குறையலாம் என்றும் சொல்கிறார். இன்னொருவர் தோணியில் போய்க் கம்பால் குத்திப் பார்த்து 6 அடி என்கிறார். அலை அடித்ததால் ஓர் அடி முன்பின் இருக்கலாமாம். எதை எடுப்பது? ஒன்றை எறிந்துவிட்டு மற்றதை எடுப்பதும் பிழை, கண்ணை மூடிக்கொண்டு நடுவில் 5 என்பதும் பிழை. பிசகின் வர்க்கத்துக்கு நேர்மாறாக நிறை கொடுக்க வேண்டும். கணக்குச் சொன்னவருக்கு ஐந்தில் ஒரு பங்கு, கம்பு குத்தியவருக்கு ஐந்தில் நான்கு பங்கு. விடை 5.6 அடி. நாளைக்கு இந்த 5.6-ஐ வைத்துக்கொண்டு மீண்டும் கணக்கு ஓடும், மீண்டும் யாராவது குத்திப் பார்ப்பார். இந்த முறையை 1960-இல் ஒழுங்காக எழுதியவர் றுடோல்ஃப் கல்மன். நிலவுக்குப் போன அப்பல்லோ விண்கலம் வழிகண்டதும் இந்தக் கணக்கால்தான்.

பிறை பார்க்கும் இரவை நினைத்தாலும் விளங்கும். (பிறை விடயத்தில் எமக்குள் இருக்கும் கருத்து வேறுபாட்டுக்குள் போகவில்லை, அதற்கு இது இடமல்ல.) ஒருவர் வந்து கண்டேன் என்கிறார். எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, கொம்பு எங்கால பார்த்தது என்று விசாரிக்கிறார்கள். அந்த நேரத்தில் பிறை ஏற்கனவே மறைந்துவிட்டது என்று கணக்கு சொன்னால் இன்னும் இறுக்கிக் கேட்கிறார்கள். சாட்சியைக் கணக்கு சோதிக்கிறது. அதேவேளை கணக்கு மட்டும் வைத்துக்கொண்டு மேகம் மூடிய வானத்தில் பிறை தெரிந்தது என்று சொல்லவும் முடியாது.

பேர்கனில் நான்சனின் பெயரிலேயே ஓர் ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கெயர் எவென்சன் 1994-இல் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். ஒரே கடலுக்கு ஒரு மாதிரியுரு ஓடவிடாமல், கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமாகப் பல பிரதிகளை ஓடவிடுவது. அந்த நிலையத்தின் ஆர்க்டிக் முறைமை நூறு பிரதிகளை ஓட்டுகிறது. நூறும் ஒரே விடை சொல்லும் இடத்தில் கணக்கை நம்பலாம். நூறும் நூறு திசைக்குப் போகும் இடத்தில் கணக்கை நம்பாதே, அங்கே கிடைக்கும் அவதானிப்புக்கு நிறை கொடு. நூறு பேரை விசாரித்த காதியாருக்கு யாருடைய பேச்சில் தடுமாற்றம் என்று தெரிவதுபோலத்தான்.

சரி, இது நாளைய வானிலைக்கு. நேற்றையதற்கு? இங்கேதான் எமது பக்கத்து நாட்டு ஆள் ஒருவர் வருகிறார். ஜகதீஷ் சுக்லா, உத்தரப் பிரதேசத்தில் பல்லியா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஆலமரத்தடிப் பள்ளியில் படித்தவர். எண்பதுகளில் வானிலை நிலையங்களிடம் வருடக்கணக்கான வரைபடங்கள் குவிந்திருந்தன. ஆனால் மாதிரியுருவை அடிக்கடி மாற்றியதால், மாற்றிய வருடத்தில் எல்லாம் காலநிலையே மாறியதுபோல் ஒரு துள்ளல் தெரிந்தது. கம்பை மாற்றினால் கடல் ஆழமாகிவிட்டது என்று சொல்வதுபோல. 1988-இல் சுக்லாவும் சுவீடனைச் சேர்ந்த லெனார்ட் பெங்ட்சனும் ஒரு கட்டுரையில் வழி சொன்னார்கள்: பழைய அவதானிப்புகளை எல்லாம் முதலிலிருந்து எடுத்து, மாற்றமில்லாத ஒரே மாதிரியுருவுக்குள் மறுபடி ஓட்டுங்கள் என்றார்கள். மீள்பகுப்பாய்வு என்ற துறை அதிலிருந்து எழுந்தது. 1996-இல் அமெரிக்கர்கள் ஒன்றை வெளியிட்டார்கள். ஐரோப்பியர்களின் ஈ.ஆர்.ஏ.5 இன்று 1940 முதல் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும், ஏறத்தாழ 31 கிலோமீற்றர் கட்டம் கட்டமாக, முழு உலகத்துக்கும் வளிமண்டலத்தைத் தருகிறது. போனில் தெரியும் பழைய காற்று வரைபடங்கள் இப்படிப்பட்டவற்றிலிருந்து வருபவை.

இப்போது ஒரு பொருத்தத்தைச் சொல்ல வேண்டும். இதைக் கண்டபோது நாமே ஒரு தடவை திகதியைச் சரிபார்த்தோம். சூறாவளி எமது கரையில் ஏறியது 1978 நவம்பர் 23. அதற்குச் சரியாக முப்பது நாட்களுக்கு முன், ஒக்டோபர் 24 அன்று, நிம்பஸ்-7 என்ற செய்மதி ஏவப்பட்டது. பனியும் தண்ணீரும் வெளிவிடும் நுண்ணலைகள் வித்தியாசமானவை. மேகம் மூடினாலும், ஆறு மாத இருட்டானாலும் அந்த வித்தியாசத்தை அந்தச் செய்மதியால் காண முடிந்தது. இன்று துருவப் பனி குறைகிறது, கூடுகிறது என்று செய்தியில் வரும் வரைகோடுகள் எல்லாம் பெரும்பாலும் அந்த மாதத்திலிருந்துதான் தொடங்குகின்றன. இங்கே எமது மூத்தம்மாமார் கூரைத்தகடு பறந்த இரவில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு இருந்தபோது, துருவங்களின் முதல் தொடர்ச்சியான பதிவு ஒரு மாதக் குழந்தை.

ஆனால் செய்மதி கண்டது பனியின் மேற்பரப்பை. தடிப்பை அல்ல. ஒரு வளவுக்குள் எவ்வளவு நெல் குவிந்திருக்கிறது என்று மேலே இருந்து பார்த்தால் அகலம் தெரியும், உயரம் தெரியாது. தடிப்பை அளந்தவை பனிக்கடியால் போன நீர்மூழ்கிக் கப்பல்கள்தான். அவை போன பாதையில் மட்டும்தான் அளவு இருந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் பனி உருகுவது, உறைவது, காற்றுக்கு நகர்வது எல்லாவற்றையும் கணக்கிடும் மாதிரியுரு ஒன்றுக்குள் செய்மதி கண்ட பனிப்பரப்பையும் கடல் வெப்பநிலையையும் உள்வாங்க வைத்து, வந்த விடையை நீர்மூழ்கி அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்படி மீளக்கட்டிய கணக்கின்படி 1979 செப்டெம்பரில் ஆர்க்டிக்கில் சுமார் 17,000 கன கிலோமீற்றர் பனி இருந்தது. 2012 செப்டெம்பரில் 4,000-க்கும் குறைவு. பரப்பை மட்டும் பார்த்தால் ஏறத்தாழப் பாதியாகியிருந்தது. கனவளவைப் பார்த்தால் காற்பங்குகூட மிஞ்சவில்லை. அகலத்தை மட்டும் பார்த்திருந்தால் குவியல் பதிந்ததை எவரும் கண்டிருக்க மாட்டார்கள்.

தென் துருவத்தின் கதை இன்னும் சுவையானது. எழுபதுகளில் முந்திய செய்மதி ஒன்று அந்தாட்டிக்காவின் வெடல் கடலில், கடும் குளிர்காலத்தில், உறைபனியின் நடுவே ஒரு பெரிய ஓட்டையைக் கண்டது. 1974, 1975, 1976 மூன்று குளிர்காலமும் இருந்தது. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் சதுர கிலோமீற்றர். எமது இலங்கையைப் போல் கிட்டத்தட்ட நான்கு. பிறகு மூடிக்கொண்டது. ஏன் திறந்தது என்று பார்க்க அந்தக் கடலுக்கு அடியில் அப்போது ஒரு கருவியும் இல்லை. நாற்பது வருடம் கழித்து 2016-லும் 2017-லும் சிறிய அளவில் மறுபடி திறந்தபோது நிலைமை வேறு. அங்கே சாட்சிகள் இருந்தார்கள்.

ஒரு வகைச் சாட்சி மிதவை. 'ஆர்கோ' என்ற பெயரில் உலகக் கடல்களில் ஏறத்தாழ நாலாயிரம் மிதவைகள் விடப்பட்டிருக்கின்றன. பத்து நாளுக்கு ஒரு தடவை 2,000 மீற்றர் ஆழத்துக்கு இறங்கி, அளந்துகொண்டே மேலே வந்து, செய்மதிக்குச் செய்தி அனுப்பும். எமது கிழக்குக் கடலுக்கு வெளியேயும் இவை திரிகின்றன. பனிக்கடியில் மேலே வந்தால் தலை மோதி உடைந்துவிடும். ஆகவே மேல்தண்ணீர் உறைநிலையைத் தொடும் அளவு குளிராக இருந்தால், மேலே பனி இருக்கிறது என்று தானே முடிவெடுத்துத் திரும்பி இறங்கும்படி செய்தார்கள். குளிர்காலம் முழுக்கக் கண்டதை வயிற்றில் வைத்திருந்து, கோடையில் பனி உடைந்ததும் மொத்தமாகச் சொல்லும். என்ன கண்டது என்று சொல்லும், எங்கே நின்று கண்டது என்று அதற்கே தெரியாது. அதைக் கணக்கால்தான் ஊகிக்க வேண்டும்.

மற்றச் சாட்சி யானைச் சீல். பகிடி இல்லை. அந்த மிருகம் இரைதேடி ஆயிரம் மீற்றருக்கும் கீழே போகும். சின்னக் கருவியை அதன் தலை மயிரில் ஒட்டிவிடுகிறார்கள். அது மூச்செடுக்க மேலே வரும்போதெல்லாம் கருவி செய்தி அனுப்பும். வருடத்துக்கு ஒரு தடவை மயிர் உதிரும்போது கருவியும் கழன்று விழும். இந்தச் சீல்களும் மிதவைகளும் தந்த அளவுகளை, மீள்பகுப்பாய்வு தந்த காற்றோடு சேர்த்துப் பார்த்தபோதுதான், அந்த வருடங்களில் கடுமையான புயல்கள் மேலே கலக்கிவிட, அடியிலிருந்த வெப்பமான உப்புத் தண்ணீர் எழும்பிப் பனியை உருக்கிய கதை 2019-இல் வெளிவந்தது. அதே தென்முனைக் கடலில் சிதறிக் கிடந்த அளவீடுகளை ஒரே கணக்கில் பொருத்தி, முழுக் கடலின் நிலையையும் கட்டும் பெரிய முயற்சி ஒன்றை மஸ்லோஃப், ஹைம்பாக், வுன்ஷ் என்பவர்கள் 2010-இல் வெளியிட்டிருந்தார்கள்.

"துருவத்துப் பனி எங்கட வயலுக்கு என்ன செய்யப்போகுது" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எமது கரைக்கு வெளியே கடல் மிக விரைவாக ஆழமாகிறது. 3,000 மீற்றருக்குக் கீழே இருக்கும் தண்ணீர் இரண்டு பாகைக்கும் குறைவான குளிர். வெயில் கொளுத்தும் வங்காள விரிகுடாவின் அடியில் அந்தக் குளிர் எங்கிருந்து வந்தது? அந்தாட்டிக்காவைச் சுற்றிக் கடல் உறையும்போது பனி உப்பை வெளியே தள்ளுகிறது. பாரமான அந்தக் குளிர் உப்புத் தண்ணீர் அடியில் தாழ்ந்து, மெதுவாக வடக்கே ஊர்ந்து வந்து எமது விரிகுடாவின் அடியை நிரப்புகிறது. கரைவலை இழுப்பவர்களின் காலடிக்கு வெளியே அந்தாட்டிக்காத் தண்ணீர்தான் படுத்திருக்கிறது. இன்னொரு தொடர்பும் உண்டு. 2014 யூலையில் வட துருவத்துக்கு அருகேயுள்ள சுவால்பாட் தீவுக்கூட்டத்தின் நுழைகழி ஒன்றில், சுமார் 190 மீற்றர் ஆழமான தண்ணீரில் ஒரு கருவித்தொகுதியை இந்தியா இறக்கியது. அது சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழினுட்ப நிறுவனத்தில் உருவானது.

இனிக் குறைகளைச் சொல்லாமல் விட்டால் பாதியை மறைத்ததாகிவிடும். மீள்பகுப்பாய்வு படம் அழகாக இருப்பதே அதன் ஆபத்து. சாட்சி இருந்த இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒரே நிறம், ஒரே அம்புக்குறி. செய்மதிக்கு முந்திய தென்முனைக் கடலைப்பற்றி ஒவ்வொரு மீள்பகுப்பாய்வும் ஒவ்வொரு கதை சொல்லும். புதுக் கருவி வரும் வருடத்தில் பொய்த்துள்ளல் வரும். எமக்குக் கிட்டவான உதாரணம் இருக்கிறது. ஈ.ஆர்.ஏ.5-ஐ 1950 முதல் 1978 வரை பின்னோக்கி நீட்டி முதலில் வெளியிட்டபோது, அந்தக் காலத்துச் சூறாவளிகள் சில உண்மையை மிஞ்சிய பலத்தோடு வந்திருப்பதை ஐரோப்பிய நிலையமே அறிவித்தது. சூறாவளிகளின் பாதைப் பதிவுகளை உள்வாங்கிய விதத்தில் வந்த பிழை. பின்னர் திருத்தி, 1940 முதல் மறுபடி ஓட்டி வெளியிட்டார்கள். எழுபத்தெட்டு அந்தக் காலத்தின் கடைசி வருடம். ஆகவே பிள்ளையிடம், இந்தப் படம் எந்தப் பதிப்பிலிருந்து வந்தது என்று முதலில் பார் மகன் என்றோம்.

பதிப்பை எப்படித் திருத்துவது? பழைய சாட்சிகளைத் தேடிச் சேர்ப்பதால். 1789 முதல் 1834 வரை எமது கடலால் போய்வந்த கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்களின் நாட்குறிப்புகளிலிருந்து இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வானிலைக் குறிப்புகளை ஆய்வாளர்கள் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். 2010 முதல் பிரித்தானியக் கடற்படையின் யுத்தகால நாட்குறிப்புகளையும், பிறகு ஆர்க்டிக் போன அமெரிக்கக் கப்பல்களின் நாட்குறிப்புகளையும் வீட்டிலிருந்தே வாசித்துத் தட்டச்சு செய்தவர்கள் சாதாரண மக்கள். தாழ்ந்துபோன ஜெனெற்றின் நாட்குறிப்பும் அதில் ஒன்று. அதன் மாலுமிகள் பனிமேல் படகுகளை இழுத்துக்கொண்டு நடந்தபோதும் அந்தக் கொப்பிகளைக் கைவிடவில்லை.

இந்தப் பாடம் முடிந்த பிறகு வகுப்புப் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் எழுபத்தெட்டைக் கேட்டு எழுதி வந்தார்கள். முதல் சிக்கல் திகதியிலேயே வந்தது. பாதிப் பிள்ளைகள் வியாழன் இரவு என்று எழுதியிருந்தார்கள், பாதிப்பேர் வெள்ளி இரவு. நவம்பர் 23 வியாழன். மூத்தம்மா ஒருவரிடம் நேரில் போய்க் கேட்டோம். "வெள்ளி ராவுதான் மகன், எனக்கு மறக்குமா?" என்றார். பிறகுதான் உறைத்தது. எமது கணக்கில் மஃரிபோடு அடுத்த நாள் பிறந்துவிடும். வியாழன் பொழுதுபட்டால் வெள்ளி ராவு. அவர் சரியாகத்தான் சொன்னார், பேரப்பிள்ளைதான் பிழையாக 24 என்று எழுதிவிட்டது. இதே சிக்கல் பழைய கப்பல் நாட்குறிப்புகளிலும் உண்டு. பிரித்தானியக் கடற்படையில் 1805 வரை நாள் நள்ளிரவில் தொடங்கவில்லை, முந்திய நண்பகலில் தொடங்கியது. வியாழன் பின்னேரம் அடித்த புயலுக்கு வெள்ளி என்று திகதி இருக்கும். அதைத் திருத்தாமல் கணினிக்குள் போட்டால் ஒரே புயல் இரண்டாகிவிடும்.

பழைய ஃபைல் உறையின் தெளிவான பிளாஸ்ரிக்கை வெட்டி, பிடிங்டனின் தகட்டைப்போல் நாமும் ஒன்று செய்து வைத்திருக்கிறோம். மேற்கே நகரும் சூறாவளியில், காற்று முதலில் வாடைப்பக்கத்தால் அடித்து, பிறகு கடல்பக்கத்தால் திரும்பி, கடைசியில் தெற்கால் வந்திருந்தால் நடு உங்களுக்குத் தெற்கால் போயிருக்கிறது. வாடைப்பக்கத்துக்குப் பிறகு ஆற்றுப்பக்கத்தால் திரும்பியிருந்தால் நடு வடக்கால் போயிருக்கிறது. நடுவில் கொஞ்ச நேரம் காற்றே இல்லாமல் நின்று, திடீரென்று எதிர்ப்பக்கத்தால் அடித்திருந்தால் நடு உங்கள் தலைக்கு மேலாலேயே போயிருக்கிறது. இதுவரை பதினொரு பேரின் சாட்சி இருக்கிறது. அவற்றில் நான்கு மற்ற ஏழோடு ஒத்துப்போகவில்லை. நான்கையும் எறியவில்லை, ஊரையும் நேரத்தையும் திரும்பக் கேட்கிறோம்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து வாழைச்சேனை வரை, தமிழ் உறவுகள், முஸ்லிம் உறவுகள் எவராயினும், உங்கள் வீட்டில் அந்த இரவைக் கண்டவர் இருந்தால் கேட்டு எழுதுங்கள். ஊர் எது, காற்று முதலில் எங்கால, பிறகு எங்கால, இடையில் நின்றதா, நின்றால் எவ்வளவு நேரம், முற்றத்துத் தென்னை எந்தப் பக்கம் தலைவைத்து விழுந்தது. பெயர் வேண்டாம், வயது போதும். சொன்னவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள், நீங்கள் திருத்த வேண்டாம். வெள்ளி ராவு என்றால் வெள்ளி ராவு என்றே எழுதுங்கள்.